பெயர் வைத்தால் சொந்தமா?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய்க் கேட்டுப்பாருங்கள். 'ஏரிக்கரைக் கழனி', 'கிணத்துக் கழனி' என்று நிலத்துக்கு நிலம் பெயர் சொல்வார்கள். உழுதவர்கள் வைத்த பெயர்.

அண்டார்டிகாவில் கதையே வேறு. 1939-ல் ஷிர்மாகர் என்ற ஜெர்மன் விமானி, பறந்தபடியே பனியில்லாத ஒரு பாறைவெளியைப் பார்த்தார். அது 'ஷிர்மாகர் சோலை' ஆகிவிட்டது. 1989-ல் அங்கே 'மைத்ரி' ஆய்வு நிலையம் அமைத்த நாம், பக்கத்து ஏரியைப் 'பிரியதர்ஷினி' என்கிறோம். அதே ஏரிக்கு 'ஜூப்' என்று இன்னொரு பெயரும் உண்டு. எது அசல்?

1959-ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தப்படி, அங்கே யாரும் புதிதாக நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. அப்புறம் பெயர் எதற்கு?

பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம்; அதனால் அது நம் சொத்தாகிவிடுமா என்ன? பொறுப்புதான் கூடும். மைத்ரிக்குத் தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான். அதைக் கெடுக்காமல் வைத்திருக்கும்வரைதான் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்குத் தகுதி.

உங்கள் ஊர் ஏரிக்கும் ஒரு பெயர் இருக்குமே... தண்ணீர் எப்படி இருக்கிறது?