காணாத வாசகருக்குக் கடமை

செய்த செயலுக்குக் காரணம் கூறுதல் மாந்தர் கடமை. நாம் என்றும் காணப்போகாத ஒருவருக்கும் அக்கடமை உண்டோ என்பதே ஈண்டு எழும் வினா.

கணினி நிரலாளர் பலரும் கையாளும் 'கிட்' என்னும் மென்பொருளை 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். நிரலில் செய்த திருத்தத்தைப் பதியும்போது, அது ஒரு குறிப்பைக் கேட்கிறது. ஏறத்தாழ 50 எழுத்துகளுக்குள் ஒரு தலைப்புவரி, ஒரு வெற்றுவரி, பின்னர் விளக்கம் என்பது மரபு. ஆயினும், 'பிழை நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி அகல்வாரும் உளர்.

எவ்வரி மாறியது என்பதை இயந்திரமே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மாற்றியவரே அறிவார். அவர் சொல்லாது விட்டால், பின்வருபவர் தேவையான காப்பைத் தேவையற்றதென எண்ணி அழிக்கக்கூடும். நீங்கிய பிழை மீண்டும் புகும். விடை சரியாயினும் வழிமுறை காட்டாத மாணவனுக்கு நாம் முழுப் புள்ளி வழங்குவதில்லையே!

ஒரு வரியை இறுதியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளைக்கு அம்மென்பொருளில் 'பழி' எனப் பொருள்படும் பெயரே அமைந்துள்ளது. காரணம் எழுதியிருந்தால் அங்கே விளக்கம் கிடைக்கும். இல்லையேல் பெயர் மட்டுமே எஞ்சும்.

நேரமில்லை என்பர் சிலர். நாம் மிச்சப்படுத்தும் ஒரு நிமிடம் பிறருடைய பல மணி நேரத்தை விழுங்குமாயின், அது சிக்கனமன்று, கடனாகும். முகமறியாதவர் தலையில் அக்கடனைச் சுமத்துதல் அறமாகாது. ஆகவே, 'ஏன்' என்பதை ஒரு வரியிலேனும் எழுதி வைப்போமாக.