காலம் கழிந்தால் கடன் தீருமா?

உரிமையின்றிப் பெற்ற பணம், ஆண்டுகள் சில கடந்துவிட்டால் உரிமைப் பணமாகிவிடுமா? எளிதெனத் தோன்றும் இவ்வினா, நியூயார்க் நகரத்து வாடகை வழக்குகளில் கடினமாகிறது.

அங்கே 1969-இல் தோன்றிய சட்டத்தின் வழியே, ஏறத்தாழப் பத்து இலட்சம் குடியிருப்புகளின் வாடகை வரையறைக்கு உட்பட்டுள்ளது. எத்தனை விழுக்காடு உயர்த்தலாம் என்பதை ஒன்பது உறுப்பினர் கொண்ட வாரியம் ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. வரம்பு மீறி வாங்கியவர் மிகைத்தொகையைத் திருப்பித்தர வேண்டும். அறிந்தே வாங்கியிருந்தால் மும்மடங்கு. அறியாது நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வீட்டுக்காரருடையதே.

இன்றைய வாடகை நேற்றைய வாடகையின் மேல் கட்டப்படுவது. ஒருமுறை புகுந்த மிகை, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, பின்னர்க் குடிவருவோர் தோளிலும் ஏறுகிறது. ஆயினும் பழைய சட்டம், மோசடி நிகழ்ந்தாலன்றி, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைக் கிளற விடவில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லையை ஆறாக்கி, அதற்கு முந்தைய ஏடுகளையும் பார்க்க இடமளித்தது. 2020-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், அப்புதிய விதிகள் 2019-க்கு முந்தைய மிகைக்குச் செல்லா எனத் தீர்ப்பளித்தது. அரசுத் துறையின் விளக்கத்தை நம்பி வாடகையை உயர்த்தியவர்களும், பழைய விதிப்படி ஏடுகளைக் களைந்தவர்களும் உண்டன்றோ?

இங்கே தண்டனையையும் திருப்பித்தருதலையும் நாம் பிரித்துணர வேண்டும். தண்டனைக்குக் குற்ற மனம் வேண்டும்; நம்பித் தவறியவரை மும்மடங்கு செலுத்தச் செய்வது நீதியன்று. திருப்பித்தருவதற்கோ, பிறர் பொருள் நம் கையில் இருப்பதே போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: உயர்ந்த வாடகையைக் கணக்கிட்டு, உயர்ந்த விலைக்குக் கட்டடத்தை வாங்கியவரிடம் அந்த ஊதியம் இல்லை, அது விற்றவரோடு போய்விட்டது. சான்றுகள் அழிகின்றன, நினைவுகள் மங்குகின்றன. எனவே வழக்குக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அவ்வெல்லை, நீதிமன்றத்தின் கதவை மட்டுமே அடைக்கிறது. சென்றதை அளக்க இயலாமற் போகலாம்; இன்று வாங்குவதை அளக்க இயலும். மாதந்தோறும் பெறும் வாடகை ஒவ்வொன்றும் ஒரு புதிய செயல். நேற்று அறியாமல் பெற்றவர், இன்று அறிந்தபின்னும் அதே தொகைக்குக் கை நீட்டுவாராயின், அவரது அறியாமை அன்றோடு முடிந்துவிட்டது. பழைய கடனைக் காலம் தள்ளுபடி செய்யலாம்; நாளைய கடனைத் தள்ளுபடி செய்யும் ஆற்றல் காலத்துக்கு இல்லை.