எலுமிச்சையும் பிரேக் பேடும்

கார் வாங்கிய அன்றே சென்னை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப்போய், நாலு சக்கரத்திலும் எலுமிச்சை நசுக்கினேன். ஆறு வருஷம் கழித்து முன்சக்கரம் கீச்சிட்டது. பேடில் 3 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. தேய்மானத்தைச் சொல்லவே வைத்த தகடு டிஸ்க்கில் உரசுகிற சத்தமாம்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டு பக்கமும் பேட் மட்டும் மாத்தினாப் போதும்" என்றார் மெக்கானிக். அந்தச் சிக்கனம் நியாயமானது. நானோ அதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளப் பார்த்தேன், முனீஸ்வரர் இருக்கிறாரே என்று. (பூசைக்கு மட்டும் பேரம் பேசியதே இல்லை.)

என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இருக்கலாம். பள்ளிப் பையோடு குறுக்கே ஓடும் பிள்ளையின் உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது? அது சிக்கனமா, களவா?

மாற்றச் சொன்னேன். "கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க சார், புதுப் பேட் படியணும்" என்றார்.