ஈரல் சொல்லும் சாட்சி

எங்கள் ஊர் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில். மேற்கே ஏரி, கிழக்கே கடல். இரண்டும் ஆள் விழுங்கும். பெரியப்பா அரசு மருத்துவமனை ஒன்றில் பிணவறைத் தொழிலாளி. எந்த ஊர் மருத்துவமனை என்பது வேண்டாம். நெஞ்சைத் திறப்பது அவர் கை. தள்ளி நின்று எழுதுவது டாக்டர் கை. கையெழுத்துக்கு மதிப்பு, அறுத்த கைக்குத் தீட்டு.

"உசுரோட வுழுந்தவனுக்குத்தான்டா நொரை தள்ளும், ஈரல் உப்பிக்கும். செத்தப்புறம் தூக்கிப் போட்டா வேற மாரி கீது" என்பார். படிக்காத பெரியப்பா சொன்னதைத்தான் தடயவியல் மருத்துவமும் சொல்கிறது. ஆனால் விஷத்திலும் இதயக் கோளாறிலும்கூட நுரை வரும். அதனால் விஞ்ஞானம் திசுவுக்குள் தேடுகிறது.

மூழ்குகிறவர் மூச்சோடு நீரை இழுக்கிறார். நீரிலிருக்கும் டயாட்டம் என்னும் நுண்பாசி, இதயம் துடித்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். காற்றறைகளில் பூச்சாக இருக்கும் சர்ஃபாக்டன்ட் புரதம் குலைந்து திட்டுத் திட்டாகத் தெரியும். அக்வாபோரின்-5 என்பது செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வாசல் போன்ற புரதம். உப்புநீரில் மூழ்கியவரைவிட நன்னீரில் மூழ்கியவர் நுரையீரலில் அது குறைந்திருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள். ஏரியா கடலா என்றுகூட ஈரல் சொல்லக்கூடும். ஆனால் எந்தக் குறியும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. உடல் அழுகினால் குறியும் அழியும். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் 'நீரில் மூழ்கி' என்று எழுத வேண்டும்.

சரி, ஒழுங்காகவே சோதித்து எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி முடிந்துவிட்டதா?

1999 ஜூலை 23. திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓட வழியில்லாமல் ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். தண்ணீருக்குள்ளும் விடாமல் அடித்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். செத்தவர்கள் 17 பேர். அதில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. மூழ்கிச் செத்தார்கள் என்பதுதான் அதிகாரத்தின் பதில். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. போலீஸ்காரர் யாரும் தண்டனை அடையவில்லை.

அந்த உடல்களில் சிலவற்றின் ஈரலில் ஆற்று நீர் இருந்திருக்கும். பொய்யில்லை. ஆனால் அந்த உண்மையை வைத்தே ஒரு பொய்யைக் கட்டமுடியும். உயிர் போனது எதனால் என்பது மருத்துவத்தின் கேள்வி. உயிர் போகவைத்தது யார் என்பது நீதியின் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் எழுதி, இரண்டாவதை மூடிவைப்பதுதான் இங்கே வழக்கம். கரையில் தடியோடு நின்றவனை எந்தப் புரதமும் காட்டிக்கொடுக்காது. தண்ணீர் குற்றவாளியானால் தடிக்கு விடுதலை.

தண்ணீர் நமக்குப் புதிதல்ல. குளத்தில் ஒரு கை நீர் அள்ளுவதற்கே 1927-இல் அம்பேத்கர் மகத்தில் போராட வேண்டியிருந்தது. குளத்தில் இறங்காதே என்று விரட்டிய சமூகம்தான் நம்மை ஆற்றுக்குள் விரட்டவும் செய்தது.

அதற்காக ஈரலின் சாட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செத்துப்போனவர் தன் உடம்பாலேயே சொல்லும் கடைசி வாக்குமூலம் அது. அடித்துக் கொன்று தண்ணீரில் போட்டால் அதைச் சொல்லக்கூடியது அதுதான். ஆகவே கேட்போம். அவசர அவசரமாக எரிக்காதே, திசுவைப் பாதுகாத்து வை, மறுபரிசோதனைக்கு வழிவிடு என்று கேட்போம். சந்தேக மரணத்துக்கான சட்டப்பிரிவு 174 போய் 2024 முதல் 194 ஆகிவிட்டது. எண் மாறினால் மட்டும் போதுமா?

பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன், ஈரல் பொய் சொல்லுமா என்று.

"ஈரல் இன்னாடா பண்ணும்? தண்ணி வந்துச்சின்னு சொல்லும். அவன் ஏன் தண்ணிக்குள்ள ஓடுனான்னு கரையில நின்னவனைக் கேளு."