நூறு புள்ளிகளும் உரையளவையும்

1962-ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில் நடந்த ஆட்டத்தில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லைன் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராகத் தனியொருவராக 100 புள்ளிகள் எடுத்தார் என்பது தொழில்முறைக் கூடைப்பந்து வரலாற்றில் ஐயமின்றி ஏற்கப்பட்ட செய்தி. ஆயினும் அவ்வாட்டத்தின் ஒளிப்பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அரங்கில் இருந்தோராகக் கணக்கிடப்பட்ட 4,124 பார்வையாளரும் ஆட்டக்காரரும் அலுவலரும் அன்றி வேறெவரும் கண்ணால் காணாத ஒன்றைப் பின்வந்தோர் அறிந்திருக்கிறார்களா, நம்ப மட்டுமே செய்கிறார்களா என்று கேட்கும்போது, பழைய மெய்யியல் வழக்கொன்று மீண்டும் உயிர்பெறுகிறது.

மெய்யறிவு பெறும் வழியை இந்திய மெய்யியலார் அளவை, அதாவது பிரமாணம், என்றனர். உலகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றனர். திக்நாகர் வழிவந்த பௌத்தர் காட்சியோடு கருதலையும், அதாவது அறிகுறியிலிருந்து உய்த்துணர்வதையும், சேர்த்தனர். வைசேடிகர் பிறர் சொல்லால் வரும் அறிவைக் கருதலுக்குள் அடக்க, நியாய நூலார் அதனை உரை என்னும் தனி அளவையாக நிறுவினர். பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தவாறே சொல்ல விழைபவராகிய ஆப்தரின் சொல்லே உரையளவை. மேலைநாட்டில் 1748-இல் டேவிட் ஹியூம், சாட்சியின் சொல்லுக்கு எடை தருவது முன்னனுபவமே என்றும், செய்தி எவ்வளவு அரியதோ அவ்வளவு வலிய சான்று வேண்டும் என்றும் வாதிட்டார். 1764-இல் தாமஸ் ரீட், பிறர் சொல்லை ஏற்கும் இயல்பு அனுபவத்துக்கும் முந்தியது என மறுத்தார்.

ஹியூமின் உரைகல்லில் ஹெர்ஷி ஆட்டம் எளிதில் தேறுவதில்லை. எதிரணியின் விதிமீறலுக்கு ஈடாகத் தடையின்றிக் கூடையை நோக்கி எறியத் தரப்படும் வாய்ப்பு ஃப்ரீ த்ரோ எனப்படும். தம் ஆட்டவாழ்வு முழுவதிலும் அவ்வெறிகளில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிட்ட சேம்பர்லைன் அன்று 32-இல் 28-ஐக் கூடையில் இட்டார் என்கிறது ஆட்டக்கணக்கு. அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது வேறொன்று: வாரியர்ஸ் அணியின் புள்ளிவிவரக் கணக்கராகிய ஹார்வி பொல்லாக்கே இரு செய்தி நிறுவனங்களுக்கும் பிலடெல்பியா நாளிதழ் ஒன்றுக்கும் அன்றைய செய்தியை அனுப்பினார், சேம்பர்லைன் ஏந்தியிருக்கும் புகழ்பெற்ற படத்தில் தாளில் 100 என எழுதியவரும் அவரே. பல சான்றுகள் போலத் தோன்றுபவை ஒரு வாயிலிருந்து கிளைத்தவை.

இதற்கு விடைகள் இல்லாமலில்லை. அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தவர் சேம்பர்லைன். அதற்கு மூன்று மாதம் முன்னரே ஓராட்டத்தில் 78 எடுத்திருந்தார். இறுதிப் பகுதியின் வானொலி வருணனை ஒலிநாடாவில் எஞ்சியுள்ளது. எல்லாவற்றினும் வலியது தோற்றவர் சொல்: சேம்பர்லைனுக்கே பந்து சேரவேண்டும் என்பதற்காக வாரியர்ஸ் வீரர்கள் வேண்டுமென்றே விதிமீறினர், ஆட்டம் ஆட்டமாக முடியவில்லை என்ற மனக்குறை நிக்ஸ் தரப்பில் நிலைத்தது, அந்தக் குறையே நூறு எடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு நிற்கிறது.

எனினும் இவ்விடைகள் ஐயத்தை அகற்றுவனவேயன்றி அறிவுக்கு அடித்தளம் ஆவன அல்ல என்பதில் நியாய நூலாரே சரியானவர்கள். 50.4 என்ற சராசரியும் எவரோ ஒருவர் அரங்கந்தோறும் குறித்துவைத்த கணக்கு. உரையை அனுபவத்தால் நிறுவப் புகுவோர் மற்றோர் உரையையே அனுபவம் என்று எண்ணிக்கொள்கின்றனர். 2006-இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் ஓராட்டத்தில் 81 புள்ளிகள் எடுத்ததை ஒளிப்பதிவில் காண்பவர்க்கும், அது எந்த நாள், எந்த ஆட்டம், வெட்டி ஒட்டப்படாததா என்பதைச் சொல்லவேண்டியவர் வேறொருவரே.

ஹெர்ஷி அரங்கிலிருந்து ஒரு சிறுவன் எடுத்துச் சென்றதாகக் கூறப்பட்ட பந்து 2000-ஆம் ஆண்டு ஏலத்துக்கு வந்தபோது, நூறாவது புள்ளியைத் தந்த பந்து அதுதானா என்ற வழக்கு எழுந்தது. கையால் தொடத்தக்க அப்பொருளால் அவ்வழக்கைத் தீர்க்க இயலவில்லை. இரு தரப்பாரும் அன்று அங்கிருந்தவர்களின் சொல்லையே நாடவேண்டியிருந்தது.