வாங் தேவாலயமும் புனிதத்தின் இருப்பிடமும்

போலந்தின் தென்மேற்கு எல்லையில், செக் நாட்டை ஒட்டி நீளும் கார்கோனோஷே மலைத்தொடரின் வடசரிவில், 1603 மீட்டர் உயரமுள்ள ஷ்னியெஷ்கா சிகரத்தின் அடியில் அமைந்த கார்பாச் என்னும் சிறு நகரம், 1945 வரை ஜெர்மானியச் சிலேசியாவைச் சேர்ந்த க்ரும்ஹ்யூபெல் என்ற ஊராக இருந்தது. அதன் மேற்பகுதியில் நிற்கும் வாங் தேவாலயம், வழிபாட்டிடம் ஒன்றின் புனிதம் பொருளில் உள்ளதா, நிலத்தில் உள்ளதா, கூடி வழிபடுவோரிடம் உள்ளதா என்னும் பழைய வினாவுக்கு எளிதில் கிடைக்காத சான்றாகும்.

இக்கோவில் பிறந்தது நார்வேயில். செங்குத்தான மரத்தூண்களும் பலகைகளும் கட்டடத்தின் முழுச் சுமையையும் தாங்கும் ‘ஸ்டாவ்’ முறையில், இடைக்காலத்தில் வாங் என்ற ஊரில் எழுந்த அது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதிலமடைந்து ஊராருக்கும் போதாமற் போனபோது, அவர்கள் புதிய ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பழையதை விற்க முன்வந்தனர். நார்வேயில் பிறந்து டிரெஸ்டனில் வாழ்ந்த ஓவியர் ஜே. சி. டால் முயன்றதால், பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் அதை 1841இல் வாங்கினார். பிரிக்கப்பட்ட மரங்கள் கப்பலேறி பெர்லின் வந்து சேர்ந்தன. ஆலயமின்றித் தொலைவு நடந்த மலைவாழ் சீர்திருத்தச் சபையாருக்கு அதைத் தரலாம் என்று கோமாட்டி ஃபிரெடெரிக்கே ஃபொன் ரேடன் பரிந்துரைத்தார். 1844இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

ஆனால் மலைக்கு வந்தது பழைய கோவில்தானா? உளுத்த மரங்கள் பலவற்றுக்குப் பதிலாகப் புதிய மரங்கள் பொருத்தப்பட்டன. பின்னிப் பிணைந்த பறவைநாகங்கள் செதுக்கிய வாயிற்சட்டங்களும் சில தூண்களுமே பழமைக்குச் சாட்சி. பக்கத்தில் எழுப்பிய கல் மணிக்கூண்டோ, சிகரத்திலிருந்து இறங்கும் காற்றைத் தடுக்கவும் பயன்படும் முற்றிலும் புதிய கட்டுமானம். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றி கிரேக்க மெய்யியலார் வாதிட்ட சிக்கல் இங்கே இன்னும் இறுகுகிறது. அக்கப்பல் ஏதென்ஸ் நகரத்தாரிடமே இருந்தது, இங்கோ மரத்தோடு மண்ணும் மக்களும் மாறிவிட்டனர்.

லூத்தர் வழியினர் இதற்கு வைத்திருக்கும் விடை தெளிவானது. அவர்களது நம்பிக்கைகளைத் தொகுத்துரைக்கும் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் முறைப்படி வழங்கப்படும் விசுவாசிகளின் கூட்டமே திருச்சபை என்கிறது. இவ்வரையறையை அதன் முடிவுவரை கொண்டுசென்றால், வாங் ஊரின் திருச்சபை நார்வேயை விட்டு நகரவே இல்லை; கடல் கடந்தது வெறும் மரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோதும் சபை அவர்களோடு போயிற்று என்றே கொள்ளவேண்டும். அங்கே குடியேறிய போலந்து லூத்தரன்கள் மூன்றாவதாக ஒரு சபையைத் தொடங்கினர் என்றாகும்.

இத்தருக்கத்தில் பிழை காண்பது கடினம். எனினும் அது முழு உண்மையன்று. கட்டடம் பொருட்டன்று என்னும் கோட்பாட்டையுடையவர்களே அதை அத்தனை சிரமத்துடன் கொண்டுவந்தனர் என்பதைக் கோட்பாடு விளக்கவில்லை. அரசரைத் தூண்டியது கலையார்வமும் தொன்மைப் பற்றுமே என்று ஒதுக்கலாம். ஆனால் பின்வந்த போலந்து லூத்தரன்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. தாம் கட்டாத, தம் முன்னோர் தொழாத, அண்மைக்காலப் பகைவரின் மொழியில் வழிபாடு நடந்த கூடத்தை அவர்கள் ஏற்றுத் தம் மொழியில் தொழுதனர். முன்னே தொழுதவர்களுக்கும் தமக்கும் இடையே உறவொன்றை அம்மரக்கூடம் ஏற்படுத்துகிறது என்று ஒப்பினாலன்றி அச்செயலை விளங்கிக்கொள்ள இயலாது. அவ்வாறு ஒப்பினால், கட்டடத்துக்கு ஆக்ஸ்பர்க் அறிக்கை தராத ஓரிடத்தை இறையியல் தரவேண்டியிருக்கும்.