வறட்டு மாடு என்று யார் சொன்னது?

செங்கத்துக்குப் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்தது. பெயர் லட்சுமி. வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்துக்கு மாலை போட்டு, வீட்டார் எல்லோரும் அதன் காலில் விழுவார்கள். இரண்டு ஈத்து நன்றாகக் கறந்த மாடு மூன்றாவதற்குச் சினை நிற்கவில்லை. நான்கு முறை சினை ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் 21 நாள் கழித்துப் பருவத்துக்கு வந்து மறுபடி கத்தியது. பிறகு கத்துவதும் நின்றுபோனது. கண் பட்டுவிட்டது என்று கறுப்புக் கயிறு கட்டினார்கள். குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார்கள். ஆடி பிறந்ததும் தரகர் வந்தார். துண்டுக்கடியில் பெரியப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசினார். "வறட்டு மாடுங்க, அடிமாட்டு விலைதான் போகும்" என்றார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் துளியும் பொய் இல்லை.

அதே வருடம் சித்திரையில் நான் அங்கே போயிருந்தேன். ஒரு நாள் உச்சி வேளையில் கொட்டகைக்குள் நுழைந்தேன். கை எட்டும் உயரத்தில் தகரக் கூரை. கீழே நிற்பவன் தலையில் அடுப்பைக் கவிழ்த்ததுபோல் அனல் இறங்கியது. மாடு படுக்கவில்லை. சூடேறிய மாடு படுக்காது, நின்றால்தான் வயிற்றைச் சுற்றிக் கொஞ்சம் காற்றாவது படும். வாய் பிளந்து, நாக்குத் தள்ளி, எச்சில் நூலாகத் தரைவரை தொங்கியது. விலா ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 88. 60ஐத் தாண்டினாலே மாடு சூட்டில் தவிக்கிறது என்று அர்த்தம். எதிரில் தண்ணீர் அண்டா காய்ந்து கிடந்தது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தண்ணீர் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். கறவை மாடு கோடையில் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது லிட்டர் குடிக்கும்.

அன்று காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

மாட்டின் உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸ். அதன் பெரிய வயிற்றில் தீவனம் இரவு பகலாக நொதித்துக்கொண்டிருக்கிறது. அதுவே ஓர் உலை. பால் சுரப்பது இன்னோர் உலை. நிறையக் கறக்கும் மாட்டுக்கு உள்ளேயே சூடு அதிகம். அதை வியர்த்தும் மூச்சிரைத்தும்தான் வெளியே தள்ள வேண்டும். வெளியே சூடும் ஈரமும் சேர்ந்துவிட்டால் தள்ள வழியில்லை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு ஒன்று கால்நடை அறிவியலில் உண்டு. அந்த எண் 72ஐத் தொட்டால் கறவை மாட்டுக்குத் தொல்லை தொடங்குகிறது. வெப்பம் 25 டிகிரி, காற்றில் ஈரம் பாதி என்றிருக்கும்போதே கணக்கு ஏறக்குறைய 72 ஆகிவிடும். நாம் இதமான காற்று என்று திண்ணையில் உட்காரும் பொழுது அது. 38 டிகிரி அடிக்கும் ஒரு சித்திரை மதியத்தில் அந்த எண் 86 வரை போகும்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு முதலில் கைவிடுவது இனப்பெருக்கத்தை. மாடு தீனியைக் குறைக்கிறது. ரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது, கருப்பைக்குப் போவது குறைகிறது. பருவத்தைக் கிளப்பும் சுரப்புகள் மங்குகின்றன. கத்தாது, தாண்டாது, வழும்பு கொஞ்சமாக வந்து நின்றுவிடும். இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறார்கள். அந்தப் பருவமும் வெயில் தணிந்த நள்ளிரவில் வந்து, நாம் எழுந்து பார்ப்பதற்குள் போய்விடலாம். சரியான நேரத்தில் ஊசி போட்டுக் கரு கூடினாலும் ஆபத்து தீரவில்லை. முதல் நாள் கரு இரண்டு செல்லாகப் பிரியும் நேரம்தான் சூட்டுக்கு மிகவும் நொந்துபோகும் நேரம். மூன்று நாள் தாண்டிவிட்டால் கரு ஓரளவு தாங்கும். அந்த முதல் நாளை மாடு தகரத்தின் கீழே கழித்தால் கரு கலைவது யார் கண்ணுக்கும் தெரியாது. 21 நாள் கழித்து மாடு கத்தும்போது, நிற்கவில்லை என்போம். முட்டை முதிர்வதற்குப் பல வாரம் பிடிப்பதால் கோடையில் பட்ட அடி மழைக்காலம் வரை தொடரும். ஆடியில் தரகரைக் கூப்பிட்ட வீட்டில் ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்தால் அந்த மாடு சினையாகியிருக்கக்கூடும்.

காளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காளையின் விதை உடம்பைவிட இரண்டு முதல் ஆறு டிகிரி வரை குளிர்ந்திருந்தால்தான் நல்ல விந்து உருவாகும். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. வெயிலில் வெந்த ஊர்க்காளையின் விந்து வாரக்கணக்கில் பழுதாக இருக்கும். ஊசிக்கு வரும் உறைவிந்து குழல் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் திரவத்தில் இருக்க வேண்டியது. வழியில் அந்தக் குடுவை வற்றினால் அதுவும் பழுது. இத்தனை இருந்தும் மலடு என்ற பெயர் மாட்டுக்கு மட்டும் வருகிறது. குழந்தை இல்லாத வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கமும் காரணம் உண்டு என்று மருத்துவம் சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது. மலடி என்ற சொல்லுக்கு இணையாக ஆணை ஏச ஒரு சொல் நம் தெருக்களில் புழங்கக் காணோம். பெண்ணுக்குப் பழகிய நாக்குதான் மாட்டையும் வறடு என்று சொல்லிவிட்டது.

இங்கே நாட்டுமாட்டுப் பெருமை பேசுகிறவர்கள் எழுந்து, "பார்த்தீர்களா, நம் மாட்டின் திமிலில் சூரிய நாடி இருக்கிறது, அதனால் வெயில் ஒன்றும் செய்யாது" என்பார்கள். திமிலில் இருப்பது தசையும் கொழுப்பும். நாட்டுமாடு வெயிலைத் தாங்குவது உண்மை. வியர்வைச் சுரப்பிகள் அதிகம், தோல் தளர்ந்து அலைதாடியாகத் தொங்குவதால் சூட்டை விடும் பரப்பு அதிகம், ரோமம் குட்டை, உள்ளே எரியும் உலை சிறியது. கருவின் செல்லுக்குள்ளேயே சூட்டைத் தாங்கும் குணம் இருப்பதைக்கூட ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் காங்கேயமும் உம்பளாச்சேரியும் உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனங்கள். குறைவாகக் கறப்பதே அவை சூடேறாமல் இருப்பதற்கு ஒரு காரணம். புனிதம் என்ற சொல்லால் இந்தக் கணக்கை மூடக் கூடாது. நம் ஓங்கோல் மாட்டைக் கொண்டுபோன பிரேசில் நாட்டுக்காரர்கள் அதை நெல்லூர் பெயரால் 'நெலோர்' என்று அழைத்து, எடை பார்த்து, பதிவேடு வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தங்கள் நாட்டின் முதன்மையான இறைச்சி இனமாக்கினார்கள். கிர் மாட்டை ஹோல்ஸ்டீனோடு கலந்து, வெயிலும் தாங்கிப் பாலும் தரும் கிரொலாண்டோவை உருவாக்கினார்கள். நாம் அதே மாடுகளுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தோம்.

கலப்பினத்தை வைவதும் எனக்கு உடன்பாடில்லை. சீமை மாட்டின் ரத்தம் ஊருக்குள் வந்த பிறகுதான் நிலமில்லாத எத்தனையோ பெண்களின் கையில் வாரக்கடைசியில் பால்காசு வந்தது. என் பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்தக் காசில்தான். ஆனால் அயல் ரத்தம் ஏற ஏற வெயில் தாங்கும் சக்தி இறங்கும் என்பது அந்த மாட்டைக் கொண்டுவந்த அறிவியலே சொல்லும் செய்தி. குளிர்நாட்டு உடம்பை இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டு நிழலையும் தண்ணீரையும் கொண்டுவராமல் விட்டோம். மடியை எடுத்துக்கொண்டு, மற்ற உடம்பை வெயிலில் விட்டோம்.

அடிமாடு ஏற்றிப் போகும் லாரியை நெடுஞ்சாலையில் மறிக்கிறவர்களைக் கேட்கிறேன். அந்த மாடு லாரி ஏறும் முன்பு எத்தனை சித்திரை தகரத்தின் கீழ் நின்றது என்று ஒருவராவது விசாரித்ததுண்டா? கசாப்புக்காரர் அந்த வரிசையில் கடைசி ஆள். தீர்ப்பு கொட்டகையில் எழுதப்பட்டுவிட்டது. பசுவதைக்கு எதிராக எல்லோரும் எடுத்துக்காட்டும் அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவு, கால்நடை வளர்ப்பை நவீன அறிவியல் முறையில் அமைக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. அந்த முதல் பாதியை யாரும் முழங்குவதில்லை. 1976இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில் உயிர்களிடம் இரக்கமும் அறிவியல் மனப்பான்மையும் அடுத்தடுத்த உட்பிரிவுகளாக நிற்கின்றன. அறிவியல் இல்லாத இரக்கம் என்ன செய்யும் என்பதை நான் பெரியம்மாவின் கண்ணீரில் பார்த்தேன். மாட்டை உண்மையாக நேசித்த ஒரு பெண், அதை உண்மையாகவே வதைத்துக்கொண்டிருந்தார்.

இதைவிட எனக்கு உறைத்த செய்தி ஒன்று. சினையின் கடைசி மாதங்களைச் சூட்டில் கழித்த மாட்டின் வயிற்றில் இருக்கும் கிடாரிக் கன்று, வளர்ந்து ஈன்ற பிறகும் குறைவாகவே கறக்கிறது என்று அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறிந்திருக்கிறார்கள். பிறக்காத கன்றும் தகரத்தின் சூட்டைச் சுமக்கிறது.

லட்சுமி போன பிறகு அதே முளையில் ஒரு கிடாரி வந்தது. போன பங்குனியில் பெரியம்மாவிடம் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "நான் புள்ள மாதிரி வளத்தேன், என்னையா சொல்ற?" என்றார். ஆமாம் பெரியம்மா, உங்களையும்தான் சொல்கிறேன், வருடா வருடம் மாட்டுப் பொங்கலுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போன என்னையும்தான் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். பக்கச் சுவரில் பாதியை இடித்தார்கள். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் ஈரச்சாக்கு தொங்கவிட்டால் புழுக்கம்தான் கூடும் என்பதால் சுவர்தான் முதலில் போனது. பகலில் கட்டுத்தறி வேப்பமரத்தடிக்கு மாறியது. அண்டாவில் ராத்திரியும் தண்ணீர் நின்றது.

வைகாசியில் ஒரு நாள் விடியற்காலை போன் வந்தது.

"மூணு மணிக்கு எழுந்து லைட் அடிச்சுப் பாத்தேன் கண்ணு. வழும்பு கண்ணாடி மாதிரி தொங்குது. ஆனா கத்தவே இல்ல. இப்பவே ஊசி போட்டுடலாமா?"

விடிகாலையில் கண்டால் சாயங்காலம் போட வேண்டும் என்றேன்.

"அப்ப மதியம் பூரா மரத்தடியிலயே கட்டி வைக்கிறேன். போட்டுட்டு நாளைக்கும் வெயில்ல விட மாட்டேன். நிக்குமா கண்ணு?"

மூன்று மாதம் கழித்து டாக்டர் கையை விட்டுப் பார்த்துச் சொல்வார், அதுவரைக்கும் தரகரை வாசலில் ஏற்றாதீர்கள் என்றேன்.